எண்மர் சூழ்ந்து ஆடிய யந்திரம்

காசு போட்டு ஆடும் வீடியோ யந்திரம் என்றவுடன் நம்மில் பலர் மனத்தில் எழும் சித்திரம், மங்கிய கூடமொன்றில் தன்னந்தனியே நின்று ஒளித்திரையை உற்றுநோக்கும் ஒரு வாலிபனுடையதுதான். அந்தச் சித்திரம் பொய்யல்ல. ஆனால் அது பிற்காலத்துச் சித்திரம். இந்த யந்திரங்கள் பிறந்த 1970களின் முற்பாதியில், கலிபோர்னியா மாகாணத்து மதுக்கடைகளிலும் கல்லூரி மாணவர் மண்டபங்களிலும் அவை முதன்முதலாக வைக்கப்பட்ட நாட்களில், தனியாக வந்தவனுக்கு அவற்றிடம் பெரும்பாலும் வேலை இருக்கவில்லை. ஆடுவதற்கு இருவர் வேண்டும்; சிலவற்றுக்கு நால்வர் வேண்டும்; ஓரிரண்டு யந்திரங்களோ எட்டுப் பேர் சூழ்ந்து நின்றாலொழிய முழு ஜீவன் பெறாதவை. பலர் கூடி ஒரே சமயத்தில் ஆடும்பொருட்டுச் செய்யப்பட்ட அந்த அபூர்வமான யந்திரங்களின் சரித்திரத்தையும், குப்பையோடு குப்பையாகப் போகவிருந்த அவற்றைத் தேடியெடுத்து ஜீர்ணோத்தாரணம் செய்யும் மனிதர்களின் பிரயத்தனத்தையும் எழுதவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆவல்.

சரித்திரத்தைத் தொடங்கவேண்டிய இடம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். 1971-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அங்கே டிரெஸிடர் மாணவர் மண்டபத்தில் ‘கேலக்ஸி கேம்’ என்னும் யந்திரம் வைக்கப்பட்டது. அதைச் சமைத்தவர்கள் பில் பிட்ஸ், ஹியூ டக் என்னும் இரண்டு பள்ளித் தோழர்கள். அதற்கு ஏறக்குறையப் பத்தாண்டுகள் முன்பு, எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் பி.டி.பி.-1 கம்ப்யூட்டரில் விநோதமாக எழுதிவைத்த ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டே அதற்கு மூலம். நட்சத்திரமொன்றின் ஆகர்ஷணத்தில் அகப்பட்டுச் சுழலும் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்த முயல்வதுதான் விளையாட்டு. ஓர் ஆட்டத்துக்குக் கட்டணம் பத்து சென்ட். கால் டாலருக்கு மூன்று ஆட்டம். இவ்வளவு சொற்பமான கட்டணத்தை வசூலிக்க உள்ளே அமர்ந்திருந்ததோ ஒரு முழு பி.டி.பி.-11 கம்ப்யூட்டர், முதல் யந்திரத்துக்கு மாத்திரம் சுமார் 20,000 டாலர் செலவாயிற்று. வியாபாரக் கணக்கில் பார்த்தால் இது நிறைவேறக்கூடிய காரியமே அல்ல. ஆனால் மாணவர்கள் அதைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். மறு ஆண்டில், ஒரே கம்ப்யூட்டரைக்கொண்டு இரண்டு ஆட்டப் பீடங்களை இயக்கும் வண்ணம் மாற்றியமைக்கப்பட்ட இரண்டாவது யந்திரம், 1979-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் அதே மண்டபத்தில் உழைத்தது. பின்பு பழுதுபார்க்கப்பட்டு, இப்போது மௌண்டன் வியூ நகரத்திலுள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தின் பொறுப்பில் இருக்கிறது.

அதே பிராந்தியத்தில், 1972-ஆம் ஆண்டு, நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் ‘அட்டாரி’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் எஞ்சினியர், கடையில் வாங்கிய ஒரு சாதாரண ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளை டெலிவிஷனை மரப்பெட்டிக்குள் பொருத்தி, பந்தடிக்கும் ஆட்டமொன்றை அமைத்துக் கொடுத்தார், அதுவே ‘பாங்’. சன்னிவேல் நகரத்தில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் அதை வைத்துப் பரீட்சித்தபோது, சில நாட்களில் யந்திரம் நின்றுபோய்விட்டது. திறந்து பார்த்தால், நாணயங்கள் நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டதே காரணம் என்று தெரிந்ததாம். இந்தக் கதையைச் சொல்லாதவர் இல்லை. பாங் யந்திரத்தைப் பற்றிக் குறிப்பாகக் கவனிக்கவேண்டியது, அதில் ஒருவர் தனியாக ஆட வழி வைக்கப்படவில்லை என்பதே.

இதற்குக் காரணம் கற்பனைக் குறைவன்று. பாங் யந்திரத்துக்குள் கம்ப்யூட்டர் கிடையாது, புரோகிராமும் கிடையாது. ஐ.சி. என்னும் மின்சில்லுகள் சில பத்து, ஒன்றின் விடையை மற்றொன்றுக்குக் கொடுத்து, பந்து எங்கே, மட்டை எங்கே, எண்ணிக்கை எவ்வளவு என்பவற்றை ஒவ்வொரு கணமும் மின்னலையாகவே கணித்துத் திரைக்கு அனுப்பின, அவ்வளவுதான். பந்தை எங்கே திருப்பினால் எதிரி தடுமாறுவான் என்று யோசிக்கும் திராணி அந்தச் சுற்றமைப்புக்கு இல்லை. எதிரியை உண்டாக்க முடியாத யந்திரம் எதிரியை வெளியிலிருந்து வரவழைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற அந்நியனை ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டது. பலர் கூடி ஆடும் யந்திரங்கள் அந்தப் பத்தாண்டில் செழித்ததற்கு அடிப்படையான ஹேது இதுவே என்பது என் துணிபு. அறிவு குறைந்த யந்திரமாக இருந்ததனாலேயே அது மனிதர்களைச் சேர்த்துவைத்தது.

சேர்த்துவைக்கும் வழிகளும் விரைவில் பெருகின. 1973-ல் நால்வர் ஆடும் ‘பாங் டபிள்ஸ்’ வந்தது; 1974-ல், மேஜையைச் சுற்றி நால்வர் அமர்ந்து, அவரவர் பக்கத்துக் கோலைக் காக்கும் ‘குவாட்ராபாங்’ வந்தது. இதே சமயத்தில் அட்டாரிக்கு ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு பிரதேசத்திலும் யந்திரங்களை வாங்கி விநியோகிக்கும் ஏஜெண்டுகள், தங்களுக்கு மாத்திரமே சரக்குக் கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஆகவே, புஷ்னெல் தம் அண்டைவீட்டுக்காரரான ஜோ கீனன் என்பவரைத் தலைவராக வைத்து, ‘கீ கேம்ஸ்’ என்ற பெயரில் போட்டி ஸ்தாபனம் போலத் தோற்றமளிக்கும் மற்றொரு ஸ்தாபனத்தை உண்டாக்கினார். உண்மையில் அது அட்டாரியின் சொந்தக் குழந்தை. பெயரளவில் பிறந்த அந்தக் குழந்தைதான் 1974-ல் ‘டேங்க்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டு, பணமுடையில் தத்தளித்த தாய் ஸ்தாபனத்தைக் கரையேற்றியது. அவ்வாண்டின் முடிவிலேயே இரண்டும் இணைந்து, கீனன் அட்டாரிக்கே தலைவரானார். டேங்க் ஆட்டத்தின் உருவங்கள் ‘ரோம்’ என்னும் அழியாத நினைவுச் சில்லில் பதியப்பட்டிருந்தன. அதற்கு முந்திய யந்திரங்களில், விண்கலத்தின் வடிவத்தையே டையோடுகளை வரிசையாகப் பற்றவைத்து வரைந்தார்கள் என்றால், இந்த மாற்றம் எத்தகையது என்பது விளங்கும்.

1975-ஆம் ஆண்டில் கீ கேம்ஸ் முத்திரையோடு வெளிவந்த ‘இண்டி 800’ பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இந்த வகை யந்திரங்களில் என்னை மிகவும் கவர்ந்தது அதுவே. சதுரமான பெரிய பெட்டி. தரையில் பதினாறு சதுர அடியை அடைத்துக்கொள்ளும். நடுவில் வானத்தை நோக்கிப் படுத்திருக்கும் 25 அங்குல வர்ண பிக்சர் டியூப். வர்ணத் திரை என்பதே அந்நாளில் அதிசயம். பெட்டியின் நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு இருவராக எட்டுப் பேர் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டியரிங் சக்கரம், காலடியில் வேகத்துக்கு ஒரு பெடல், பிரேக்குக்கு ஒரு பெடல். ஓட்டப்பாதையில் எட்டு நிறங்களில் எட்டுக் கார்கள் புறப்படும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவனுக்கு வலமாகத் தோன்றுவது எனக்கு இடமாகத் தோன்றும். ஆகவே ஒரே பாதை எட்டுப் பேருக்கும் எட்டுவிதமான பாதையாகிறது. கார்கள் மோதிக்கொள்ளும்போது திரையைப் பார்த்துச் சினம்கொள்ளவேண்டியதில்லை. தலையை நிமிர்த்தினால், மோதியவனுடைய முகமே மூன்றடி தூரத்தில் இருக்கும்.

அதன் அமைப்பில் இன்னொரு அம்சம் உண்டு. அதை வகுத்தவர்களின் நல்ல உள்ளத்தை அது காட்டுகிறது என்று நான் நம்புகிறேன். பெட்டிக்கு மேலே, தலைக்கு மேல் உயரத்தில், சாய்வான கண்ணாடிகள் பொருத்தப்பட்டிருந்தன. எட்டுப் பேர் குனிந்து சூழ்ந்துகொண்ட பிறகு, பின்னால் நிற்பவர்களுக்குத் திரை தெரியாது. அவர்கள் நிமிர்ந்து நோக்கினால் பந்தயம் முழுவதும் கண்ணாடியில் தெரியும். ஆடாதவன் காசு போடுவதில்லை. எனினும் அவன் பொருட்டு மரமும் கண்ணாடியும் செலவழித்தார்கள். வேடிக்கை பார்ப்பவன் அடுத்த பந்தயத்தில் காசு போடுவான் என்ற வியாபார யூகம் அதில் இருந்திருக்கலாம், இருந்தால்தான் என்ன? பார்வையாளனும் ஆட்டத்தில் ஓர் அங்கம் என்பதை ஒப்புக்கொண்டு கட்டப்பட்ட யந்திரம் அது.

மறு ஆண்டில் ‘டேங்க் 8’, அதற்கடுத்து 1977-ல் ‘ஸ்பிரிண்ட் 8’ என்று எண்மர் யந்திரங்கள் தொடர்ந்தன. ‘இண்டி 4’, ‘ஸ்பிரிண்ட் 4’ என்று நால்வருக்கானவையும் வந்தன. இவற்றைக் காட்டிலும் விசித்திரமானது, 1978-ல் ஹோவர்ட் டெல்மன் அமைத்த ‘ஃபயர் டிரக்’. அமெரிக்காவில் நீண்ட ஏணி வண்டியாகிய தீயணைப்பு லாரியின் பின்சக்கரங்களைத் திருப்புவதற்கென்றே பின்னால் தனியாக ஒரு சாரதி உண்டு. அதைப் போலவே இந்த யந்திரத்தில் ஒருவர் முன்னால் அமர்ந்து லாரியின் தலைப்பகுதியை ஓட்ட, மற்றொருவர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வாலைத் திருப்பவேண்டும். ஒருவரையொருவர் வெல்வதற்கு அதில் வழியே கிடையாது. இருவரும் ஒத்துப்போனால் வண்டி தெருமுனையைக் கடக்கும், இல்லையேல் இருவருமே சுவரில் மோதி நிற்பார்கள். பிறரோடு சேர்ந்து ஆடும் ஆட்டம் என்ற நூதனமான கருத்துக்கு இதையே ஆதி உதாரணமாகப் பலர் கொள்கிறார்கள். அதே ஆண்டில் வந்த ‘அட்டாரி ஃபுட்பால்’ இதற்கு நேர்மாறான முரட்டு ஆட்டம். இருவர் எதிரெதிரே நின்று, டிராக்பால் என்னும் உருளையைக் கைகளால் வேகவேகமாக உருட்டுவார்கள். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியவர்கள் அநேகம். 1979-ல் அதற்கு நால்வர் ஆடும் வடிவமும் உண்டாயிற்று. ஆனால் அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் ‘சூப்பர் பௌல்’ போட்டியோடு முடிந்தவுடன், அதன் வசூல் திடீரென்று விழுந்துவிட்டது.

விழுந்ததற்குப் பருவம் மட்டும் காரணமன்று. 1978-ல் ஜப்பானில் டொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் டைட்டோ ஸ்தாபனத்துக்காகச் செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலகத்தின் ரசனையையே திருப்பிவிட்டது. மைக்ரோபிராசஸர் என்னும் சிறு சில்லு இப்போது யந்திரத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. எதிரிப் படையை அணிவகுத்து நடத்த யந்திரத்துக்கே ஆற்றல் வந்துவிட்டது. இனி அந்நியன் தேவையில்லை. இரண்டாமவர் இருந்தாலும், முதல்வர் தோற்கும்வரையில் காத்திருந்து, தம் முறை வரும்போது ஆடினால் போதும். கூடம் நடத்துவோருக்கும் இதில் லாபக் கணக்குத் தெளிவாக இருந்தது. இரண்டடி அகலமுள்ள ஒரு பெட்டி, ஒரு வாலிபன் வந்தாலும் காசு சேர்க்கிறது. எட்டுச் சக்கரமுள்ள பெட்டி ஒருவன் வந்தால் பாழாய் நிற்கிறது. 1980-ல் அட்டாரி வெளியிட்ட ‘வார்லார்ட்ஸ்’, நால்வர் தத்தம் கோட்டையைக் காக்கும் அருமையான மேஜை யந்திரம். அதே ஆட்டத்தை இருவருக்குச் சுருக்கி, நின்று ஆடும் குறுகிய பெட்டியிலும் கறுப்பு வெள்ளைத் திரையோடு விற்கவேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்தக் காலத்தின் போக்கு புலப்படும்.

எண்மர் யந்திரங்கள் இவ்வளவு அரிதாகப் போனதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. நின்று ஆடும் பெட்டி பழசானால், அதன் சர்க்யூட் போர்டை மாற்றி, பக்கங்களில் புதிய படம் ஒட்டி, வேறோர் ஆட்டமாக்கி விற்றுவிடலாம். 1980களில் அப்படி மறுபிறவி எடுத்த பெட்டிகளுக்குக் கணக்கில்லை. எட்டு ஸ்டியரிங் சக்கரமும் பதினாறு பெடலும் உள்ள ஒன்றை வேறெதுவாக மாற்றுவது? வைத்திருக்க இடமுமில்லை, வாங்க ஆளுமில்லை. ஆகவே வர்ண பிக்சர் டியூபை மட்டும் கழற்றிக்கொண்டு, எஞ்சியதை உடைத்தெறிந்தார்கள் போலும்.

பலர் கூடி ஆடும் மோகம் அடியோடு அழிந்துவிடவில்லை. 1985-ல் எட் லாக் அமைத்த ‘காண்ட்லெட்’ நால்வரை மறுபடியும் தோளோடு தோள் நிறுத்தியது. ஆட்டத்தின் நடுவே காசு போட்டால் உயிர்வலு கூடும் என்ற சூழ்ச்சியால், கூடக்காரர்களையும் திருப்திசெய்தது. 1987-ல் நாம்கோவின் ‘ஃபைனல் லாப்’ தனித்தனிப் பெட்டிகளை ஒயரால் இணைத்து எண்மர் பந்தயத்தை வேறு வழியில் மீட்டது. 1992-ல் கொனாமி வெளியிட்ட ‘எக்ஸ்-மென்’ யந்திரத்தின் பெரிய வடிவில் அறுவர் நிற்கலாம்; இரண்டு திரைகளின் பிம்பங்கள் கண்ணாடியின் உதவியால் ஒட்டி, ஒரே நீண்ட களமாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் சிகரம், 1990-ல் ஒசாகா நகரத்து மலர்க் கண்காட்சியில் நாம்கோ நிறுவிய ‘கேலக்ஸியன் 3’: வட்டமான அரங்கு, சுற்றிலும் திரை, 28 பேர் ஒரே சமயத்தில் அமர்ந்து சுடும் பீடங்கள். அது யந்திரமா, கட்டடமா என்று சொல்வது கஷ்டம். பின்னர் 16 பேருக்கும், 6 பேருக்கும் அதைச் சிறுகச் செய்தார்கள். அறுவர் அமரும் வடிவமே ஆர்கேட் கூடங்களை எட்டியது.

இனி இவற்றைத் தேடியெடுப்போர் விஷயம். கிடங்கு, பழைய ஸ்கேட்டிங் கூடம், மூடப்பட்ட விடுதி ஆகியவற்றின் மூலையில் தார்ப்பாயின் கீழ் எப்போதாவது ஒன்று அகப்படும். அகப்பட்டவுடன் எழும் முதற் சங்கடம் வாசற்படி. நாலடிச் சதுரப் பெட்டி மூன்றடி வாசலில் நுழையாது; பிரித்தெடுக்கவேண்டும், அல்லது வாசற்காலைப் பெயர்க்கவேண்டும். ஈரத்தரையில் பல வருஷம் நின்றதனால், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அடியில் உப்பி, உதிரத் தொடங்கியிருக்கும். எலி கடித்த ஒயர்கள் இருக்கும். எட்டுச் சக்கரங்களில் இரண்டு காணாமற் போயிருக்கும். இவ்வளவையும் கண்டபின்பும் வீட்டுக்குக் கொண்டுவரத் துணிகிறவர்கள் பொருளாசையால் துணிவதில்லை என்பது நிச்சயம்.

கொண்டுவந்த யந்திரத்துக்கு உடனே மின்சாரம் கொடுத்துவிடுவது அறியாதவர் செய்கை. முதலில் பவர் சப்ளையைத் தனியே கழற்றிச் சோதிப்பார்கள். அட்டாரி யந்திரங்களில் நீல உறையிட்ட பெரிய கண்டென்சர் ஒன்று உண்டு. சேகரிப்பாளர்கள் அதைச் செல்லமாகப் ‘பிக் புளூ’ என்பார்கள். உள்ளிருக்கும் திரவம் காலக்கிரமத்தில் உலர்ந்துபோவதால், மின்னோட்டம் சமனப்படாமல் படம் நெளியும், ஆட்டம் பாதியில் தானாகவே முதலிலிருந்து தொடங்கும். அதை மாற்றி, ஐந்து வோல்ட் பிசகாமல் வருகிறதென்று உறுதிசெய்துகொண்ட பிறகே போர்டை இணைப்பார்கள். பிக்சர் டியூபைத் தொடுவதில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஓடும் வர்ண டியூபில் 25,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் நிற்கும். சுவிட்சை அணைத்து வெகுநேரம் ஆனாலும், கண்ணாடிக்குள் ஒரு பகுதி தங்கியிருக்கும். சட்டத்தோடு ஒயரால் பிணைத்த ஸ்க்ரூடிரைவரை ரப்பர் மூடியின் கீழ் செலுத்தி, அதை இறக்கிவிடவேண்டும். டியூபே செத்துப்போயிருந்தால், தெருவோரத்தில் எறியப்பட்ட அதே அளவுள்ள பழைய வீட்டு டெலிவிஷனிலிருந்து கழற்றிப் பொருத்துவதுண்டு. கழுத்திலுள்ள பின்களின் அமைப்பும், காந்தச் சுருளின் அளவும் பொருந்தவேண்டும். அத்தகைய டியூபுகளைப் புதிதாகச் செய்யும் தொழிற்சாலைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டதனால், இந்த மாற்றுவழியும் ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது.

அதன்பின் சர்க்யூட் போர்டு. பிற்கால யந்திரமானால், ரோம் சில்லுகளிலுள்ள புரோகிராமைப் பிரதியெடுத்து வைத்திருக்கிறார்கள். 1997-ல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய ‘மேம்’ என்ற மென்பொருள் அவ்வகையில் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. ஆனால் இண்டி 800 போன்ற முற்கால யந்திரத்தில் பிரதியெடுக்கப் புரோகிராமே இல்லை. ஆட்டம் முழுவதும் ஐ.சி.க்களின் இணைப்பிலேயே இருக்கிறது. அந்த இணைப்பு அழிந்தால் ஆட்டமும் அழிந்தது. ஆகையால் மெக்கானிக், வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஆஸிலாஸ்கோப்பின் முனையை ஒவ்வொரு காலாக வைத்து, அலை எங்கே வருகிறது, எங்கே செத்துவிடுகிறது என்று தடம்பிடித்துப் போகவேண்டும். கறுத்துப்போன கால்களைச் சுரண்டி, ஈயப்பற்றுகளைப் புதுப்பித்து, ஐயத்துக்குரிய சில்லைக் கழற்றி வேறொன்று வைத்துப் பார்க்கவேண்டும். எண்மர் யந்திரம் இவ்விடத்தில் ஓர் அனுகூலமும் செய்கிறது: ஒரே வகைச் சக்கரமும் ஒரே வகைப் பெடலும் எட்டுத்தடவை திரும்பத்திரும்ப வருவதால், ஊமையாய் நிற்கும் சிவப்புக் காரின் கம்பியில் எது குறைகிறது என்பதை, ஓடிக்கொண்டிருக்கும் நீலக் காரின் கம்பியை அளந்தே கண்டுகொள்ளலாம். ஸ்பிரிண்ட் போன்ற கார் ஆட்டங்களின் ஸ்டியரிங்கில், சக்கரத்தோடு சுழலும் பல்வெட்டிய தகடு ஒளியை மறைத்தும் விட்டும், எந்தத் திசையில் எவ்வளவு திரும்பிற்று என்பதைத் தெரிவிக்கும். பல நேரங்களில் அங்கே கோளாறு என்பது நாற்பது வருஷத்துத் தூசியைத் தவிர வேறில்லை.

மரவேலையையும் வர்ணவேலையையும் பற்றிச் சேகரிப்பாளர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. பழைய படத்தை மெல்லிய தாளில் வரைந்தெடுத்து, தகடு வெட்டி, புத்தம் புதிதாக வர்ணம் தெளிப்பவர் ஒரு சாரார். உதிர்ந்த பலகையை மாத்திரம் மாற்றி, கைபட்டுத் தேய்ந்த இடங்களை அப்படியே விடுபவர் மற்றொரு சாரார். நான் இரண்டாமவர் கட்சி. ஸ்டியரிங்கைச் சுற்றி வர்ணம் தேய்ந்திருப்பது சேதமல்ல. எத்தனையோ பேர் நின்று சாய்ந்த சாட்சியம். இதைக்காட்டிலும் முக்கியமான விவாதம் பிக்சர் டியூபை நீக்கிவிட்டுத் தட்டையான நவீனத் திரையை வைக்கலாமா என்பது. செலவும் அபாயமும் குறையும் என்பது மெய்தான். ஆனால் படுத்திருக்கும் திரையை நான்கு பக்கத்திலிருந்தும் சாய்வாகப் பார்க்கும் யந்திரத்தில், மலிவான தட்டைத் திரையின் நிறங்கள் பக்கத்துக்குப் பக்கம் மாறிவிடும்; டியூபோ எண்மருக்கும் ஒரே நிறத்தைக் காட்டும். யார் சிவப்பு, யார் பச்சை என்பதிலேயே பந்தயம் இருக்கையில், இது சிறு விஷயமன்று.

மேற்கூறிய கண்ணாடிகளின் நிலை இன்னும் பரிதாபமானது. ஆட்டம் ஓடுவதற்கு அவை தேவையில்லை. தூக்கிச் செல்லும்போது இடைஞ்சல். மேற்கூரை தாழ்ந்த வீடுகளில் நிமிர்த்தி வைக்கவே முடியாது. ஆகவே, போனால் போகட்டும் என்று அவற்றை விட்டுவிட எவருக்கும் தோன்றக்கூடும். அப்படி விடலாகாது என்று மிகுந்த அழுத்தத்துடன் சொல்லவேண்டும். தேரைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, சக்கரத்தையும் சிற்பத்தையும் செப்பனிட்டுவிட்டு, வடத்தை மட்டும் வேண்டாமென்று ஒதுக்குவாருண்டோ? எட்டாவது ஆள் வரையில் நினைத்தவர்கள் ஒன்பதாவது ஆளையும் நினைத்தார்கள். அந்த நினைப்பைக் கழித்துவிட்டு எஞ்சுவது முழு யந்திரம் ஆகாது. மென்பொருளின் மூலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆட்டத்தைக் கொண்டுவருவதும் இதே குறையுடையதுதான். ஆட்டத்தின் விதியும் ஒலியும் பிழையில்லாமல் வந்துவிடலாம். எட்டுப் பேர் நிற்க இடம் வருவதில்லை.

ஆகையினால்தான், ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் முடித்த வேலையைப் பொது இடத்துக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கலிபோர்னியாவில் 1997 முதல் நடந்துவரும் ‘கலிபோர்னியா எக்ஸ்ட்ரீம்’ என்ற கண்காட்சிக்கு, சேகரிப்பாளர்கள் தங்கள் யந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்; நுழைவுச் சீட்டு வாங்கியவர் எதையும் காசில்லாமல் ஆடலாம். நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து லகோனியா நகரத்தில், 1952 முதல் நடக்கும் ‘ஃபன்ஸ்பாட்’ என்ற கேளிக்கை நிலையத்தின் ஒரு பகுதியில், அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியம் இருக்கிறது. அங்கே டோக்கன் போட்டே ஆடவேண்டும். இவ்விரண்டிலும் யந்திரங்கள் அடிபடுகின்றன, பெடல் உடைகிறது, கம்பி அறுகிறது. அன்றிரவே யாராவது ஒருவர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து சரிசெய்கிறார். இன்னொரு பக்கம், ராச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் மியூசியம், 2014-ல் அட்டாரியின் காசு யந்திரப் பிரிவினுடைய பழைய ஆவணங்களையும் வடிவமைப்புச் சித்திரங்களையும் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. பிரதியெடுக்கப் புரோகிராமில்லாத யந்திரங்களுக்கு இத்தகைய காகிதங்களே மூலாதாரம்.

இந்த இரண்டு வகைப் பணிகளும் இன்று பெரும்பாலும் தனித்தனியே நடக்கின்றன: காகிதம் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது, கை ஓரிடத்தில் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் போர்டுகளைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக்குகளில் பலர் அவை புதிதாக இருந்த காலத்திலேயே தொழில் கற்றவர்கள், வயது முதிர்ந்தவர்கள். இளைஞர்கள் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, வரைபடத்தின்மீது விரல் வைத்து அலையைத் தொடரக் கற்றுக்கொள்ளும் பட்டறைகள் மியூசியங்களிலேயே ஒழுங்காக நடத்தப்படவேண்டும்; பழுதுபட்ட சில்லு எது, அதைக் கண்டது எப்படி, பதிலாக வைத்தது என்ன என்பதை ஒவ்வொரு யந்திரத்தோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடவேண்டும். அடுத்த தடவை அந்தப் பெட்டியைத் திறப்பவர், முதல்வர் பட்ட சிரமத்தை மறுபடியும் ஆதியிலிருந்து பட வேண்டியிராது.